கீழ்த் தாழ்ப்பாளும் இரண்டு பேட்டரிகளும்

என் மனைவி வேலைக்குக் கிளம்பும்போது முதலில் கதவை இழுத்துச் சாத்தும் சத்தம் கேட்கும். பிறகு நாதாங்கி விழும். கடைசியாகப் பூட்டை அமுக்கும் சத்தம், டக். அவளுடைய செருப்பு இரும்புப் படியில் இறங்கிப் போகும். தெருமுனையில் கம்பெனி பஸ் ஹாரன் அடிக்கும். பஸ் தேர்வாய் கண்டிகை தொழிற்பேட்டைக்குக் கிளம்பிவிட்டால், கவரைப்பேட்டையில் அந்த மாடி வீட்டுக்குள் சாயங்காலம் வரை நான் மட்டும்தான். வீட்டில் இருக்கிறேன் என்று மற்றவர்களிடம் சொல்லிக்கொள்வேன். பூட்டி வைத்திருக்கிறார்கள் என்பதுதான் உண்மை.

கெட்ட எண்ணத்தில் அவள் பூட்டவில்லை. எனக்கு எரிச்சலே அதுதான். கெட்ட எண்ணமாக இருந்தால் வாய்க்கு வந்தபடி திட்டலாம். என் மேல் உள்ள அக்கறையால் பூட்டுகிறவளை என்ன சொல்லித் திட்டுவது?

கும்மிடிப்பூண்டியில் ஒரு இரும்பு மில்லில் மெயின்டனன்ஸ் எலக்ட்ரீஷியன் நான். லாரியிலிருந்து இறக்கிய கேபிள் டிரம் ஒன்றுக்குக் கட்டை கொடுக்க மறந்துவிட்டார்கள். அது உருண்டு வந்து என் வலது காலில் ஏறியது. முழங்காலுக்குக் கீழே இரண்டு எலும்பும் போயிற்று. உள்ளே கம்பி வைத்து, காலை ஊன்றக் கூடாது என்று சொல்லி அனுப்பினார்கள். வாக்கரைப் பிடித்துக்கொண்டு கட்டிலிலிருந்து பாத்ரூம் வரை போகலாம். அவ்வளவுதான் எனக்கு அளந்து கொடுத்த உலகம்.

ஆஸ்பத்திரியிலிருந்து வந்த புதிதில் பூட்டு இல்லை. அவள் போன பிறகு நான் கதவைச் சும்மா சாத்திவைப்பேன். அந்தக் கதவு காற்றடித்தால் தானாகத் திறந்துகொள்ளும். நாய் படியேறி வந்து சோற்றுப் பானையை உருட்டியது. மேல் தாழ்ப்பாள் இருந்தது, ஆனால் நிலை இறங்கிப்போய் அது ஓட்டையில் பொருந்தாது. கீழே குடியிருக்கும் வீட்டுக்காரம்மாவிடம் சொன்னால், “பாக்கலாம் நைனா, அறுப்பு முடியட்டும்” என்பார். அவருக்கு எதுவாக இருந்தாலும் அறுப்பு முடிந்துதான். வேலை செய்கிற தாழ்ப்பாள் ஒன்றுதான், அது கதவின் அடியில், தரையிலிருந்து ஒரு சாண் உயரத்தில் இருந்தது. ஒரு நாள் அதைப் போடுவதற்காக வாக்கரைப் பிடித்தபடி குனிந்தேன். வாக்கர் ஒரு பக்கம் போயிற்று, நான் ஒரு பக்கம் போனேன். சாயங்காலம் அவள் வந்து பார்க்கும்வரை கதவோரம் சிமெண்ட் தரையில் கிடந்தேன்.

மறுநாள் அவள் பூட்டோடு வந்தாள். ஒரு சாவி அவளிடம், இன்னொன்று வீட்டுக்காரம்மாவிடம்.

“எவனாவது வந்து சிலிண்டர தூக்கிக்கினு போனாகூட உனக்குத் தெரியாது. மாத்திர போட்டா நீ பொணம்” என்றாள். “தாப்பா போடறேன்னு மறுபடி உயுந்து வச்சின்னா யாரு பாக்குறது? நான் லைன்ல நிப்பனா, உன்ன நெனச்சிக்கினு நிப்பனா?”

படிக்கட்டுப் பக்கம் எங்கள் வீட்டுக்கு ஒரு ஜன்னல் உண்டு. கூட வேலை செய்கிறவர்கள் பார்க்க வந்தால் அந்தக் கம்பிக்கு வெளியே நின்றுதான் பேசுவார்கள். வாழைப்பழத்தைக்கூடக் கம்பி வழியாகத்தான் நீட்டுவார்கள். வாங்கிக்கொள்ளும்போது எனக்கு வண்டலூர் மிருகக்காட்சிசாலை ஞாபகம் வரும். ஒருத்தரும் சிரித்ததில்லை, நான் மட்டும் மனசுக்குள் என்னைப் பார்த்துச் சிரித்துக்கொள்வேன். அவர்கள் போன பிறகு அந்தச் சிரிப்பும் இருக்காது.

இப்படியே போயிருக்கும், ஒரு நாள் மத்தியானம் அந்த நாற்றம் வராமல் இருந்திருந்தால். வயர் எரிகிற நாற்றம். மூக்கைப் பொத்திக்கொண்டாலும் எலக்ட்ரீஷியனுக்கு அது தெரிந்துவிடும். எங்கள் வீட்டு மெயின் போர்டுதான் என்று நினைத்தேன். ஜன்னல் வழியாகக் கறுப்புப் புகை வந்தது. வீட்டுக்காரம்மாவைக் கூப்பிட்டேன், பதில் இல்லை, சாவியோடு வயலுக்குப் போயிருந்தார். மனைவிக்கு போன் போட்டேன். அவள் கம்பெனியில் போனை வாங்கி லாக்கரில் வைத்துவிடுவார்கள், அடித்து அடித்து ஓய்ந்தது. வாக்கரில் கதவு வரை போய்க் கையால் இடித்தேன், கத்தினேன். பக்கத்துத் தண்டவாளத்தில் ஒரு எலெக்ட்ரிக் ரயில் போயிற்று. என் சத்தம் எனக்கே கேட்கவில்லை.

பிறகு புகை தானாகக் குறைந்தது. பின்பக்கக் காலி மனையில் யாரோ காப்பருக்காகப் பழைய வயரைக் குவித்து எரித்திருக்கிறார்கள். வீட்டுக்கு ஒன்றும் ஆகவில்லை. நிஜமாகவே வீடு பற்றியிருந்தால்? அந்தக் கதவுக்குப் பின்னால் நான் வெந்து செத்திருப்பேன், வந்து பூட்டைத் திறந்துதான் என்னை வெளியே எடுத்திருப்பார்கள். இந்த நினைப்பு வந்தபின் பகலில் தூக்கமே வரவில்லை.

அன்று சாயங்காலம் நாங்கள் போட்ட சண்டை தெருவுக்கே கேட்டிருக்கும். கடைசியில் அவள் சோர்ந்துபோய்த் தரையில் உட்கார்ந்தாள்.

“ஒண்ணு பண்ணு” என்றாள். “நான் வெளிய போனதும் நீ உள்ளேருந்து தாப்பா போடு. நான் வந்து கூப்ட்டா தொற. ஆனா தாப்பா போட எழுந்து போகக் கூடாது, குனியக் கூடாது. அப்படி முடிஞ்சா பூட்ட தூக்கிக் கடாசிடறேன். ஒரு தடவ தொறக்கலன்னாலும் மறுபடி பூட்டுதான். அப்புறம் நீ வாயத் தொறக்கக் கூடாது.”

நடக்காத காரியம் என்று நினைத்துத்தான் சொன்னாள். எனக்கும் அப்படித்தான் பட்டது. கம்பில் கொக்கி கட்டி இழுத்தால் போதுமே என்று கேட்பீர்கள். கட்டிப் பார்த்தேன். கட்டிலிலிருந்து எட்டாது. வாக்கரில் நின்று இழுக்கலாமென்றால் வாக்கரைப் பிடிக்க இரண்டு கையும் வேண்டும், கம்புக்கு மூன்றாவது கை எங்கிருந்து வரும்?

மூன்றாவது கை கட்டிலுக்கு அடியில்தான் இருந்தது. கல்யாணத்துக்கு முன்பு ஆசைப்பட்டு ஆன்லைனில் வாங்கிய ரோபோ கிட். நாலு சக்கரம், மஞ்சள் கியர் மோட்டார்கள், ஒரு சின்ன கண்ட்ரோல் போர்டு, செல்போனிலிருந்து ஓட்ட புளூடூத். மேலே ஒரு கை, அதன் மூட்டுகளில் செர்வோ. செர்வோ என்றால், எந்தக் கோணத்தில் நிற்கச் சொல்கிறோமோ அந்தக் கோணத்தில் போய் விறைப்பாக நிற்கிற குட்டி மோட்டார். வாங்கியபோது இரண்டு நாள் விளையாடினேன், பிறகு ஷிப்ட்டும் ஓவர்டைமும் அதைப் பெட்டிக்குள் போட்டு மூடிவிட்டன. இப்போது எனக்கு நேரத்துக்கா பஞ்சம்?

தோளுக்கு மட்டும் இரும்பு கியர் உள்ள பெரிய செர்வோ ஒன்று வரவழைத்தேன். கொரியர்காரர் கீழே கொடுக்க, வீட்டுக்காரம்மா கம்பி வழியாக நீட்டினார். சட்டை ஹேங்கரை வளைத்துக் கொக்கி செய்தேன். தாழ்ப்பாளின் குமிழைக் கொக்கி பிடிக்கும், கை பக்கவாட்டில் திரும்பும், தாழ்ப்பாள் நகரும். தாழ்ப்பாளுக்குத் தேங்காய் எண்ணெய் போட அவளிடம் சொன்னேன். “சாமிக்கு வெளக்கேத்த எண்ண இல்ல, இதுக்கு அபிஷேகமா” என்று முணுமுணுத்தபடி போட்டாள்.

இரும்பு வேலை சுலபமாக முடிந்தது. என்னை ஆட்டிவைத்தது பேட்டரி.

இருபத்துநாலு மணி நேரமும் நானூற்றுப் பதினைந்து வோல்ட்டோடு புழங்குகிறவன் நான். மில்லில் மோட்டார் எவ்வளவு கேட்டாலும் லைன் கொடுக்கும். கொடுக்குமா என்று கேட்கும் பழக்கமே எங்களுக்கு இல்லை. அதனால் கிட்டோடு வந்த ஒன்பது வோல்ட் பெட்டி பேட்டரியை அப்படியே மாட்டினேன். ஆறு வோல்ட் மோட்டாருக்கு ஒன்பது வோல்ட் தாராளம் என்று கணக்கு. மோட்டார் ஒரு முறை முனகியது, அவ்வளவுதான். வோல்ட் இருந்து என்ன செய்ய, ஆம்பியர் கொடுக்க அதன் வயிற்றில் ஒன்றும் இல்லை. கடிகாரத்துக்கும் ரிமோட்டுக்கும் பழகிய பேட்டரியை மூட்டை தூக்கச் சொன்னால் அது என்ன செய்யும்?

பழைய லேப்டாப்பிலிருந்து உருவிய லித்தியம் செல் என்னிடம் இருந்தது. நல்ல வலு, எவ்வளவு கேட்டாலும் கொடுக்கும். வெளியில் நடமாடிக்கொண்டிருந்த காலமாக இருந்தால் யோசிக்காமல் அதைத்தான் போட்டிருப்பேன். இப்போது கையில் எடுத்துப் பார்த்துக்கொண்டே இருந்தேன். வயர் உரசி ஷார்ட் ஆனால் அது பற்றிக்கொள்ளும், தண்ணீர் ஊற்றினாலும் சீக்கிரம் அடங்காது. பூட்டிய வீட்டுக்குள், எழுந்து ஓட முடியாதவன் பக்கத்தில், தீப்பிடிக்கிற சாமானை நானே செய்து வைப்பதா? செல்லைத் திரும்ப வைத்துவிட்டேன். பேட்டரிக் கடைக்காரர்கள் வோல்ட்டைப் பார், ஆம்பியரைப் பார் என்பார்கள். எனக்கு அதோடு கதவையும் பார்க்க வேண்டியிருந்தது.

கடைசியில் சார்ஜ் ஏற்றக்கூடிய பென்சில் செல்களை எடுத்தேன். நிக்கல் வகை, கேமராவில் போடுவார்களே, அது. ஐந்தை வரிசையாகக் கோர்த்தால் ஆறு வோல்ட், செர்வோவுக்கு நேராகக் கொடுக்கலாம். திடீரென்று அதிகம் கேட்டாலும் தாங்கும். கொஞ்சம் கனம், சீக்கிரம் பற்றிக்கொள்கிற சாதியில்லை.

அந்த ஒரே செட்டில் மோட்டார், செர்வோ, போர்டு எல்லாவற்றையும் மாட்டி ஓடவிட்டேன். கதவு வரை ஒழுங்காகப் போயிற்று. கொக்கி குமிழைப் பிடித்தது. இழுக்கத் தொடங்கியதும் போர்டில் இருந்த விளக்கு அணைந்தது, கை தொங்கிற்று. அடுத்த நொடி தானாக உயிர் வந்து, கை முதல் நிலைக்குத் துள்ளி, கொக்கி என் பக்கம் பறந்து வந்தது. மறுபடி முயன்றாலும் அதே கதைதான். தாழ்ப்பாள் கொஞ்சம் முரண்டு பிடித்தால் போதும், செர்வோ கரண்டை அள்ளிக் குடிக்கும், வோல்டேஜ் விழும், போர்டு மயக்கம் போட்டு எழும். மில்லில் பெரிய மோட்டார் கிளம்பும்போது ஷெட் விளக்கெல்லாம் மங்கும். அதேதான்.

இதற்கு மருந்து எனக்குத் தெரியும் என்று மார்தட்டினேன். எங்கள் பேனல்களில் மோட்டாருக்குப் போகும் பவர் லைன் வேறு, உத்தரவு கொடுக்கும் கண்ட்ரோல் லைன் வேறு. கண்ட்ரோலுக்குத் தனி டிரான்ஸ்பார்மர். இரண்டும் ஒன்றையொன்று தொடவே கூடாது. தொட்டால், வயரிங் செய்தவன் எலக்ட்ரீஷியனே இல்லை என்பார்கள். எனக்குக் கையோடு ஊறிப்போன பாடம் அது. ஆகவே மோட்டாருக்கும் செர்வோவுக்கும் ஐந்து செல், போர்டுக்கு மட்டும் வீட்டில் கிடந்த பவர் பேங்க். அதற்குள்ளும் லித்தியம்தான், ஆனால் ஷார்ட் ஆனால் தானே துண்டித்துக்கொள்கிற சர்க்யூட்டோடு மூடி வந்தது. சிவப்பு டேப் ஒன்றுக்கு, பச்சை டேப் ஒன்றுக்கு. போர்டிலிருந்து செர்வோவுக்கு ஒரே ஒரு சிக்னல் வயர். இதைவிடச் சுத்தமாக யாராலும் வயரிங் செய்ய முடியாது என்று நினைத்துக்கொண்டு சுவிட்சைப் போட்டேன்.

கை நடுங்க ஆரம்பித்தது. குளிர் ஜுரம் வந்த மாதிரி, ஒரு கோணத்தில் நிற்காமல் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் வெட்டியது. செர்வோ போய்விட்டதா என்று வேறு மாற்றினேன், அதுவும் நடுங்கிற்று. புரோகிராமைத் திரும்ப எழுதினேன். வயரை மாற்றினேன். காலையில் பூட்டு விழுந்ததும் ஆரம்பிப்பேன், சாயங்காலம் அவள் வரும்போது அதே நடுக்கத்தோடு மடியில் வைத்திருப்பேன். வெளியே போக முடியாத எரிச்சலும் இந்த எரிச்சலும் சேர்ந்து, ஒரு நாள் அதைச் சுவரில் அடிக்கக் கை ஓங்கிவிட்டேன்.

“இன்னாயா, அதுக்கும் கால் ஒடிஞ்சிருச்சா?” என்றாள் அவள், கதவைத் திறந்துகொண்டே.

சிரிப்பு வரவில்லை எனக்கு. அவள் மட்டும் ஊரெல்லாம் சுற்றிவிட்டு வந்து கேலி பேசுகிறாள் என்று தோன்றியது. தேர்வாய் கண்டிகையில் நாளெல்லாம் நின்றபடி காருக்கு வயர் கோர்த்துவிட்டு வருகிறவளைப் பற்றித்தான் அப்படி நினைத்தேன்.

விடை நான் தேடாத இடத்தில் கிடைத்தது. இரண்டு பேட்டரிக்கும் நடுவில் எங்கேயோ கரண்ட் கசிகிறது, அதனால்தான் நடுக்கம் என்று சந்தேகப்பட்டேன். கசிவைப் பிடிக்க மீட்டரை ஆம்பியரில் வைத்து, ஒரு முனையை செல்லின் மைனஸிலும் மறு முனையைப் பவர் பேங்கின் மைனஸிலும் வைத்தேன். கை சட்டென்று நின்றது. நான் சொல்லியிருந்த கோணத்தில், விறைப்பாக. மீட்டரை எடுத்தேன், நடுங்கிற்று. வைத்தேன், நின்றது.

கொஞ்ச நேரம் எடுப்பதும் வைப்பதுமாக இருந்தேன். ஆம்பியரில் வைத்த மீட்டர் வெறும் வயருக்குச் சமம் என்பது அப்புறம்தான் உறைத்தது. மில்லில் கண்ட்ரோல் லைன் ரிலே என்கிற சுவிட்சுக்குள் இருக்கும் சுருளைக் காந்தமாக்கும், காந்தம் பவர் லைனின் காண்டாக்டைத் தட்டும், அதனால் இரண்டு லைனுக்கும் உறவே வேண்டாம். இங்கே ரிலே கிடையாது. போர்டு அனுப்பும் சிக்னல் ஒரு வயரில் போனால், திரும்பி வர அதற்கு ஒரு வழி வேண்டும். வழியே வைக்காமல் நான் அடைத்துவிட்டேன். பிளஸ் இரண்டும் தனித்தனியாகவே இருக்கட்டும், மைனஸ் இரண்டும் சேர வேண்டும். ஒரு சாண் கறுப்பு வயர், அவ்வளவுதான் விஷயம். இதற்கா இத்தனை பேஜாரு என்று சத்தமாகவே சொன்னேன். கேட்க ஆளில்லை.

நான் முறுக்கி டேப் சுற்றிய இணைப்புகளைப் பார்த்து அவள் முகம் சுளித்தாள். “எங்க லைன்ல இத வச்சா அப்படியே குப்பைல போடுவாங்க” என்றாள். மறுநாள் எங்கேயோ சொந்தமாக வாங்கிய டெர்மினல்களோடு வந்து, தரையில் சம்மணமிட்டு, ஒவ்வொரு வயரையும் இடுக்கியால் நெரித்துக் கொடுத்தாள். இழுத்தால் வராது. தாழ்ப்பாள் இருக்கும் மூலை இருட்டு என்று ரோபோவின் தலையில் ஒரு துண்டு எல்இடி பட்டையையும் பவர் பேங்கிலிருந்து மாட்டினேன். ரோபோவை அவள் “உன் ஆளு” என்று கூப்பிட ஆரம்பித்தது அப்போதுதான்.

ஞாயிற்றுக்கிழமை பரீட்சை வைத்தாள். வெளியே போய் நின்றுகொண்டு, “போடு” என்றாள். கட்டிலில் படுத்தபடி போனில் ஓட்டினேன். கொக்கி பிடித்தது, தாழ்ப்பாள் விழுந்தது. அவள் கதவைத் தள்ளிப் பார்த்தாள், அசையவில்லை. “தொற” என்றாள். திறந்தது. நாஷ்டா முடித்துவிட்டு மறுபடி, துணி துவைத்துவிட்டு மறுபடி. சாயங்காலம் வரை ரோபோ கதவோரமே விளக்கை எரியவிட்டுக்கொண்டு நின்றது, கூப்பிட்டபோதெல்லாம் வேலை செய்தது.

“சரி, நாளைக்குப் பூட்டு வேணாம்” என்றாள். கொஞ்சம் கழித்து, “ஒரு தடவ தொறக்கலன்னாலும், ஞாபகம் வச்சிக்கோ” என்றாள்.

இராத்திரி செல்லெல்லாம் சார்ஜ் ஏறியது. பவர் பேங்கும் ஏறியது. அப்படியும் எனக்குப் பயம். நாளெல்லாம் கதவோரம் நிற்கவேண்டும், சாயங்காலம் வரை சார்ஜ் தாங்குமா? தாங்காவிட்டால் என் கதி என்ன? “பகல்ல எதுக்கு அதுக்கு லைட்டு?” என்று அவள் வேறு கேட்டாள். நியாயம்தான். எல்இடி பட்டையைக் கழற்றிவிட்டேன். எனக்குள்ளேயே ஒரு சபாஷ் போட்டுக்கொண்டேன்.

திங்கட்கிழமை அவள் கதவைச் சாத்தினாள். நாதாங்கி விழவில்லை. பவர் பேங்கின் பட்டனை அவளே அமுக்கிவிட்டுப் போயிருந்தாள். நான் ஓட்டினேன், தாழ்ப்பாள் விழுந்தது. வெளியே அவள் ஒரு தள்ளு தள்ளிப் பார்த்துவிட்டு இறங்கிப் போனாள்.

அன்றைய பகலை எப்படிச் சொல்வது? அதே அறை, அதே ஜன்னல், நான் எங்கும் போகவில்லை. ஆனால் போக நினைத்தால் கதவு திறக்கும். அந்த ஒன்றுக்காகவே மத்தியானம் நன்றாகத் தூங்கினேன். ரோபோவைத் தொடவே இல்லை. சார்ஜை மிச்சம் பிடிக்க வேண்டுமே.

சாயங்காலம் மழை பிடித்துக்கொண்டது. வீட்டுக்காரம்மா ஒரு நிச்சயதார்த்தத்துக்குப் போயிருந்தார், கீழே பூட்டியிருந்தது. படியில் அவள் செருப்புச் சத்தம் கேட்டது.

“தொறயா, நனையறேன்.”

போனை எடுத்து அமுக்கினேன். இணைப்பு கிடைக்கவில்லை. மறுபடி அமுக்கினேன். கதவோரம் ரோபோ செத்த மாதிரி நின்றது, போர்டில் சின்னப் புள்ளி வெளிச்சம்கூட இல்லை. பவர் பேங்கிலும் விளக்கில்லை. காலையில் முழு சார்ஜ், எங்கே போயிற்று?

உடனே புரிந்தது, புரிந்ததும் தலையில் அடித்துக்கொண்டேன். பவர் பேங்க் செல்போனுக்காகச் செய்தது. குடிக்கிற கரண்ட் ரொம்பக் குறைந்தால், போன் ஏறி முடிந்துவிட்டது என்று நினைத்துத் தானாக அணைந்துவிடும். மடியில் வைத்திருந்த நாட்களில் ஓயாமல் வயரைப் பிடுங்கிச் சொருகியதில் அதற்குத் தூங்க நேரமில்லை, பரீட்சையன்று அதை விழித்திருக்க வைத்தது அந்த விளக்குதான். போர்டு மட்டும் குடிக்கிற துளிக் கரண்டை அது கணக்கிலேயே எடுத்துக்கொள்ளவில்லை. நான் மிச்சம் பிடித்தேன், அது படுத்துக்கொண்டது.

“இன்னா, உன் ஆளு தூங்கிட்டானா?” என்றாள் வெளியிலிருந்து. குரலில் இன்னும் சிரிப்பு இருந்தது.

“இரு, இரு.”

பட்டனை அமுக்கினால் விழித்துக்கொள்ளும். பட்டன் கதவோரம் இருக்கிறது. அங்கே குனிந்து பட்டனை அமுக்க என்னால் முடிந்தால், தாழ்ப்பாளையே கையால் இழுத்துவிடலாமே, எனக்கு எதற்கு ரோபோ? மழை பக்கத்து வீட்டுத் தகரத்தில் அடித்தது. எங்கள் படிக்கு மேலே கூரை கிடையாது.

“யோவ், வெளையாடாத. முழுக்க நனைஞ்சுட்டேன்.” சிரிப்பு போய்விட்டது. அப்புறம் வேறு குரல், மெதுவாக. “சரி, பரவால்ல. ஆள கூட்டியாந்து கதவ ஒடைக்கிறேன். நாளைக்கு மறுபடி பூட்ட மாட்டிக்கறேன்.”

பூட்டை அமுக்கும் அந்த டக் இப்போதே என் காதில் கேட்டுவிட்டது. அதற்குமேல் என்னால் படுத்திருக்க முடியவில்லை.

வாக்கரை எடுக்கக் கை போயிற்று, நின்றது. வாக்கரில் போனால் அங்கே குனிய வேண்டும். குனிந்துதான் விழுந்தேன். கதவுக்குப் போவது என்றால் நிமிர்ந்து போவது என்று மட்டுமே இத்தனை காலமும் நினைத்திருக்கிறேன். தாழ்ப்பாளோ தரையை ஒட்டி இருக்கிறது. நான் ஏன் மேலே இருக்க வேண்டும்?

கட்டில் சட்டத்தைப் பிடித்து, நல்ல காலை மடக்கி, மெல்லத் தரைக்கு வந்தேன். உடைந்த காலைத் தலையணை மேல் தூக்கி வைத்துக்கொண்டேன். இரண்டு கையையும் பின்னால் ஊன்றி, உட்கார்ந்த வாக்கிலேயே நகர்ந்தேன். தலையணையை இழுப்பது, பிறகு என்னை இழுப்பது. வலித்தது, பொய் சொல்ல மாட்டேன். ஆனால் விழ முடியாது. கீழே விழ இடமே இல்லை. பாதி தூரம் வந்தபோது அதை நினைத்து எனக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தது.

ரோபோ பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். பட்டனை அமுக்கவில்லை. கையை நீட்டித் தாழ்ப்பாளை இழுத்தேன். எண்ணெய் போட்ட தாழ்ப்பாள், சொன்னபடி கேட்டது.

கதவு திறந்தது. அவள் படியில் ஒரு கால் கீழே வைத்துக் கிளம்பத் தயாராக நின்றிருந்தாள், தலையிலிருந்து தண்ணீர் கொட்டிற்று. என் முகத்தைத் தேடி மேலே பார்த்தாள், காணவில்லை. பிறகு கீழே பார்த்தாள்.

“ஐயோ, உயுந்துட்டியா?” என்று அலறினாள்.

“உயல” என்றேன். “எறங்கினேன்.”

அவள் அப்படியே நிலைப்படியில் உட்கார்ந்துவிட்டாள். என் காலைத் தொட்டுப் பார்த்தாள், தலையணையைப் பார்த்தாள், கட்டிலிலிருந்து கதவு வரை உள்ள தூரத்தைப் பார்த்தாள். மழைத்தண்ணீர் அவள் புடவையிலிருந்து வழிந்து ரோபோவின் சக்கரத்தை எட்டியபோது, அதைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டாள்.

மறுநாள் காலை கதவைச் சாத்தினாள். நான் முன்பே தரைக்கு வந்து கதவோரம் காத்திருந்தேன். நாதாங்கியில் அவள் கை பட்ட சத்தம் கேட்டது, பழக்கம். ஆனால் அது விழவில்லை.

“போட்டுக்கோ” என்றாள்.

தாழ்ப்பாளை நானே தள்ளினேன். டக். அவள் தள்ளிப் பார்க்கவில்லை, படியில் இறங்கிப் போய்விட்டாள்.